மருதாத்தாள் கேட்காத கேள்வி

மருதாத்தாளைக் கல்யாணத்துக்கு அழைக்கக் கேரள எல்லையோரத்து எருத்தேன்பதிப் பக்கத்தில் கொஞ்சம் யோசிப்பார்கள். கெட்டவள் என்பதால் இல்லை. அழைத்தால் முதல் நாளே வந்து காய் நறுக்குவாள், பந்தியில் நின்று பரிமாறுவாள், பெண்ணைக் காரில் ஏற்றும்போது பெற்றவளைவிட அதிகமாக அழுவாள். ஆனால் வாசலில் சந்தனம் நீட்டுகிற பெண்ணானாலும் சரி, பந்தியில் தண்ணீர் ஊற்றுகிற பெண்ணானாலும் சரி, கழுத்தில் தாலி இல்லை என்று கண்ணில் பட்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, நீங்க எந்தக் கூட்டம்?" என்று கேட்டுவிடுவாள். பெயர் கேட்பது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடியானவர்களுக்குக் கூட்டம் என்பது விளையாட்டு இல்லை. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் ஒரு தகப்பன் வழி வந்தவர்கள் என்பது அவர்கள் கணக்கு. ஒருவர் தாராபுரத்தில் பிறந்திருக்கலாம், இன்னொருவர் பாலக்காட்டில் பிறந்திருக்கலாம், ஏழு தலைமுறையாக முகத்தைப் பார்த்திராமல் இருக்கலாம். ஒரே கூட்டம் என்றால் அந்த ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கைதான், கல்யாணப் பேச்சுக்கு அங்கே இடமே கிடையாது. அதனால் முதலிலேயே கேட்டுவிட வேண்டும் என்பது மருதாத்தாளின் கட்சி. ஆசையை வளர்த்துக்கொண்டு அப்புறம் கேட்டு என்ன பிரயோசனம்?

அவளுடைய ஒரே மகன் கோபிநாத்துக்கு முப்பத்தொன்பது வயதாகிவிட்டது. தென்னந்தோப்பு இருக்கிறது, கறவை மாடுகள் இருக்கின்றன, பால் சொசைட்டியில் நல்ல பேர் இருக்கிறது. குடி இல்லை, சீட்டு இல்லை, அதிர்ந்து ஒரு பேச்சு இல்லை. இருந்து என்ன செய்ய? பெண் வீட்டார் கேட்பது வேறு. கோயமுத்தூரில் வேலையா, கம்ப்யூட்டரா, சொந்தமாக ஃப்ளாட் உண்டா என்கிறார்கள். மாடு என்றதும் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். மாட்டைத் தாண்டி வந்தவர்கள் செக்போஸ்ட்டில் நின்றுவிடுகிறார்கள். "கேரளாவுக்குப் பொண்ணு குடுக்கறதில்லீங்க" என்று பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கேரளா என்றால் என்னமோ கடல் கடந்த தேசம் மாதிரி. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை, இந்தப் பக்கம் ஒரு டீக்கடை, ரெண்டிலும் ஒரே பால். இதையும் தாண்டி வந்தால் கடைசியாகப் பையனுடைய ஜாதகத்தில் செவ்வாய் உட்கார்ந்திருந்தது. பெண்ணுக்கும் செவ்வாய் இருந்தால்தான் பொருந்தும்.

அவளே அந்த செக்போஸ்ட்டைத் தாண்டி வந்தவள்தான். பத்தொன்பது வயதில், ஒரு தகரப் பெட்டியோடு. அன்றைக்கு யாரும் கேரளா என்று முகத்தைச் சுளிக்கவில்லை. வந்த புதிதில் நிலக்கடலைக் காடு, பிறகு கிணறு வற்றியது, பிறகு போர்வெல், பிறகு அதுவும் வற்றி இன்னொரு போர்வெல், கடைசியாகத் தென்னை. கோபிநாத்துக்குப் பிறகு இரண்டு கரு தங்காமல் போயின. புருஷன் சென்னியப்பன் அதிகம் பேசாத மனுஷர். பேசாத மனுஷரோடு நாற்பத்தி ஓராண்டு குடித்தனம் செய்ததில் அவருக்கும் சேர்த்து இவளே பேசக் கற்றுக்கொண்டாள்.

பையனுக்கு முதன்முதலில் பெண் பார்த்தபோது மருதாத்தாளுக்கும் கொழுப்பு இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு பெண்ணைக் குட்டை என்றாள். இன்னொரு பெண்ணின் வீட்டில் அண்ணன் தம்பி இல்லை, நாளைக்கு சீர் செய்ய ஆளில்லை என்றாள். அந்தப் பெண்களுக்கெல்லாம் இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. எங்கேயாவது விசேஷத்தில் அவர்களைப் பார்த்துவிட்டால் மருதாத்தாள் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடமாட்டாள்.

அவர்கள் சனத்துக்கு ஒரு சங்கம் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை மண்டபம் பிடித்து வரன் சங்கமம் நடத்துவார்கள். மேடையில் ஏறி மைக்கில் பேரும் நட்சத்திரமும் கூட்டமும் சொல்ல வேண்டும். வருஷம் போகப் போகப் பெண்கள் வருவது நின்றுபோனது. போன வருஷம் மண்டபம் நிறையப் பையன்களும் பையன்களைப் பெற்றவர்களும்தான், பெண் தரப்பில் வந்திருந்தது இரண்டு போட்டோக்கள். அந்தப் போட்டோக்களைச் சுற்றி நடந்த தள்ளுமுள்ளைப் பார்த்துச் சங்கச் செயலாளர் குப்பண்ணனுக்கே அவமானமாகப் போய்விட்டது.

குப்பண்ணன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் அப்படி. அவர் ஒரு யோசனை செய்தார். வரன் என்ற வார்த்தையே வேண்டாம். பாலக்காட்டு டவுனில் நகரசபைப் பூங்காவை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்துக்கொள்வோம். குடும்ப விழா என்று பேர் வைப்போம். விளையாட்டு, வள்ளி கும்மி, சாப்பாடு. சட்டையில் பேர்ச் சீட்டு குத்த வேண்டாம், நட்சத்திரம் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் சும்மா வந்து விளையாடட்டும், பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இது எதற்காக என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

விழாவன்று காலையில் மாட்டுக்குத் தீனி போட்டுக் குளித்துவிட்டு வந்த கோபிநாத், காரை எடுக்கும் முன்னால் அம்மாவின் எதிரே வந்து நின்றான்.

"அம்மா, இன்னிக்கு ஒரு நாளைக்கு யாருகிட்டயும் கூட்டம் கேக்காதீங்க."

"கேக்காம எப்படிச் சாமி?"

"மொதல்ல பேசிப் பாக்கட்டுமுங்க. புடிச்சிருந்தாப் பொறவு கேட்டுக்கலாம். நீங்க கேட்டதும் அங்கயே எல்லாம் முடிஞ்சு போகுது. போன மாசம் அந்தக் கல்யாணத்துல நீங்க கேட்டதுக்கு அந்தப் புள்ளைக சிரிச்சாங்களே, நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். வேலைக்குப் போன இடத்தில் ஒரு வாய் தண்ணீர் கேட்கிற மாதிரி கேட்டான். மருதாத்தாள் மாகாளியம்மன்மேல் சத்தியம் செய்து கொடுத்தாள்.

தை மாதத்து வாடைக் காற்று பூங்காவில் சருகுகளை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. நடைபாதையில் டவுன்காரர்கள் கையை வீசி நடந்துகொண்டிருந்தார்கள். பந்தலையும் மைக்கையும் பார்த்த ஒருவர் வாட்ச்மேனிடம் "எந்தா பரிபாடி?" என்று, என்ன நிகழ்ச்சி எனக் கேட்டார். வாட்ச்மேன் "தமிழன்மாருடே எந்தோ ஆகோஷம்", தமிழர்களின் ஏதோ கொண்டாட்டம் என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார். மருதாத்தாளுக்குச் சுருக்கென்றது. பொள்ளாச்சிக்குப் போனால் கேரளாக்காரி, பாலக்காட்டுக்கு வந்தால் தமிழத்தி. எந்த ஊரில்தான் இவர்களைத் தங்கள் சனம் என்று சொல்வார்களோ தெரியவில்லை.

உடற்பயிற்சிக்கு என்று வெட்டவெளியில் இரும்புச் சாமான்கள் நட்டுவைத்திருந்தார்கள். சென்னியப்பன் அதில் ஒன்றில் ஏறி உட்கார்ந்து கைப்பிடியை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இத்தன இழுத்தும் ஒரு சொட்டுத் தண்ணி வரலையே" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பையன்கள் அறுபது பேர் இருப்பார்கள். முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வரை எல்லா வயதிலும் இருந்தார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, நேற்றுப் போட்ட தலைச்சாயம். ஒருவரையொருவர் தெரியும், ஒவ்வொரு வருஷமும் பார்த்துக்கொள்கிறவர்கள்தான். "ஏனுங்க, சௌக்கியமா" என்பார்கள், இன்னும் ஆகவில்லையா என்று கேட்டுக்கொள்ளமாட்டார்கள். பெண்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஒருத்திக்கு நிச்சயம் ஆகிவிட்டது. பையன்களின் அம்மாக்கள் எல்லோரும் மீதி நான்கு பேரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மருதாத்தாள் மட்டும் ஒரு பூவரச மரத்தடியில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது விரதம் இருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

முதல் விளையாட்டைக் குப்பண்ணன் மைக்கில் அறிவித்தார். "பையனுக கண்ணைக் கட்டிக்கோணுமுங்க. புள்ளைக கோட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டுச் சத்தம் குடுத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூட்டிக்கிட்டு வரோணும். பூந்தொட்டியில இடிச்சா அவுட்டுங்கோ!" யாருக்கு யார் என்று பெண்கள் ஒரு வாளிக்குள் கைவிட்டுச் சீட்டெடுத்தார்கள். கோபிநாத்தின் பேரை எடுத்தவள் பச்சைச் சுடிதார் போட்ட, கொஞ்சம் உயரமான பெண். கிருத்திகா என்று குப்பண்ணன் கூப்பிட்டார்.

மற்ற பெண்கள் இடது வலது என்று கத்தினார்கள். யாருடைய இடது என்று தெரியாமல் பையன்கள் தொட்டிகளை உருட்டினார்கள். கிருத்திகா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நாக்கை மடித்து, மாட்டை ஓட்டுகிற சத்தம் கொடுத்தாள். நிறுத்த ஒரு சத்தம், திருப்ப ஒரு சத்தம், போகலாம் என்பதற்கு ஒரு சத்தம். பூங்காவே சிரித்தது, நடந்துகொண்டிருந்த டவுன்காரர்கள்கூட நின்று பார்த்தார்கள். என் பையனை மாடு என்று நினைத்துவிட்டாளா என்று மருதாத்தாளுக்கு முதலில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கோபிநாத் அந்தச் சத்தங்களைக் கேட்டு ஒரு தொட்டியிலும் படாமல் நேராக நடந்து போய் அவள் எதிரில் நின்றான். கண்கட்டை அவிழ்த்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பல் தெரிய மகன் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று மருதாத்தாள் யோசித்துப் பார்த்தாள், ஞாபகத்துக்கு வரவில்லை.

டீ கொடுக்கிற இடத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டு நின்றார்கள். மருதாத்தாள் செருப்பு வாரைச் சரி செய்கிற சாக்கில் பக்கத்துப் பெஞ்சுக்குப் போய்க் குனிந்துகொண்டாள்.

"மாடு ஓட்டற சத்தமெல்லாம் எங்கீங்க கத்துக்கிட்டீங்க?"

"தெனமும் அதுதானுங்க என்ற சோலி. நல்லேப்பிள்ளி மிருகாஸ்பத்திரில இன்ஸ்பெக்டரா இருக்கறேன். ஊடு ஊடாப் போயி மாட்டுக்குச் சினை ஊசி போடோணும்."

"எங்கூட்டுல ஒரு கெடாரி இருக்குதுங்க. மூணு தடவ ஊசி போட்டாச்சு, சினை நிக்கவே இல்ல."

"எப்பப் போடறீங்க? காலைல சினைக்குக் கத்துச்சுன்னா சாயந்திரம் போடோணும். சாயந்திரம் கத்துச்சுன்னா அடுத்த நாள் காலைல. கத்துன உடனே கூட்டிக்கிட்டு ஓடுனா நிக்காதுங்க."

"அட, நாங்க கத்துனதும் ஓடறமுங்க!"

இதைக் காதல் பேச்சு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இதற்கு முன்னால் வீடு பார்க்க வந்த பெண் வீட்டுக்காரிகள் மாட்டுத் தொழுவத்தைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்தியதை மருதாத்தாள் பார்த்திருக்கிறாள். குனிந்த குனியிலேயே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கிருத்திகா ஒரு டம்ளர் டீயை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்தாள். "அத்தே, டீ எடுத்துக்குங்க" என்றாள். முறை தெரியாத வயதான பெண்களை அக்கா என்றோ அம்மா என்றோ கூப்பிடுவதுதான் வழக்கம். இவள் அத்தை என்றாள். மருதாத்தாள் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, அந்தப் பெண் திரும்பிப் போகிற வரைக்கும் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கும்மி ஆரம்பித்ததும் கிருத்திகாவின் அம்மா தானாக வந்து பூவரச மரத்தடியில் உட்கார்ந்தாள். பேர் கற்பகம், மெலிந்த பெண், நெற்றியில் திருநீறு மட்டும்.

"உங்க பையனுங்களா?"

"ஆமாங்க, ஒரே பையன்."

"நல்ல குணமாத் தெரியறாரு. எனக்கு மூத்தது இவ. அவங்கப்பா தாராபுரத்துப் பக்கமிருந்து வந்து நல்லேப்பிள்ளில பூமி வாங்குனாரு. வாங்கி நெல்லு வெளையறதுக்குள்ள போய்ச் சேந்துட்டாரு. இவதான் வேலைக்குப் போயித் தம்பியப் படிக்க வெச்சா. அவன் இப்ப பெங்களூர்ல இருக்கறான், போன்ல வருவான். இவளுக்கு முப்பத்திமூணு ஆயிப்போச்சுங்க."

"அதெல்லாம் ஒரு வயசுங்களா."

"வயசு கெடக்குதுங்க. ஜாதகத்துல செவ்வா இருக்குது. அதுதான் தட்டிக்கிட்டே போகுது."

மருதாத்தாள் கற்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ற பையனுக்கும் செவ்வாதானுங்க" என்றாள்.

கற்பகம் நிமிர்ந்து பார்த்தாள். பிடித்த கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அடுத்ததாக என்ன கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கற்பகம் வாயைத் திறந்தாள், பிறகு கும்மியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். மருதாத்தாளுக்குக் கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சத்தியம் நினைவுக்கு வந்தது. நிஜத்தைச் சொன்னால் சத்தியம் ஒரு சாக்குதான். ஊரில் உள்ள பெண்களையெல்லாம் பயமில்லாமல் கேட்டவளுக்கு இன்றைக்குக் கேட்கப் பயமாக இருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் சென்னியப்பன் இலையைப் பார்த்தபடியே கேட்டார். "கூட்டம் கேட்டியா?"

"உங்களுக்கு வேற சோலி இல்லீங்களா? நம்ம சனத்துல எத்தன கூட்டம் இருக்குது. அத்தனையையும் உட்டுப்போட்டு நம்ம கூட்டமேதான் வந்து நிக்குமா?"

"கேட்டுப் போடறது நல்லது."

"பேசாமச் சாப்புடுங்க. வருசம் பூராவும் பேசாம இருந்துட்டு இன்னிக்குத்தான் உங்களுக்குப் பேச்சு வருது."

சென்னியப்பன் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டார். மருதாத்தாள் பாயசம் வாங்கிக்கொள்ளாமல் எழுந்தாள். மனசுக்குள் வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஸ்கூட்டர் இருக்கும், அதை நிறுத்தத் தொழுவத்துக்குப் பக்கத்தில் தகரம் இறக்க வேண்டும். வேலைக்குப் போகிற பெண், காலையில் சமையலுக்கு நிற்க வைக்கக் கூடாது. மாமியார் என்று அதிகாரம் பண்ணக் கூடாது, வாயைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சித்திரை வேண்டாம், வைகாசியில் முகூர்த்தம் வைத்தால் மழைக்கு முன்னால் முடித்துவிடலாம். பத்து வருஷமாக யோசிக்கப் பயந்த எல்லாவற்றையும் மருதாத்தாள் பந்திக்கும் கை கழுவும் குழாய்க்கும் நடுவில் யோசித்து முடித்துவிட்டாள்.

சாப்பிட்டவர்கள் கலைந்து போவதற்குள் குப்பண்ணன் மறுபடி மைக்கைப் பிடித்தார். புல்தரையில் கைப்பருமனில் கயிறு ஒன்று நீளமாகக் கிடந்தது.

"கடைசிப் பரிபாடி வடம் இழுக்கறதுங்கோ! ஆம்பள பொம்பள வித்தியாசம் கெடையாது. கூட்டங் கூட்டமா நிக்கோணும், யாரு கூட்டத்துல பலம் இருக்குதுன்னு பாத்துருவோம். மொதல் ஆட்டம் பொருளந்தைக்கும் முழுக்காதனுக்கும். பொருளந்தை கூட்டம் கெழக்கால, முழுக்காதன் கூட்டம் மேக்கால. வாங்க வாங்க வாங்க!"

கோபிநாத் முழுக்காதன் கூட்டம். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய் மேற்குப் பக்கம் கயிற்றைப் பிடித்து நின்றான். பூவரச மரத்தடியிலிருந்து மருதாத்தாள் கிருத்திகாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிருத்திகா எழுந்தாள். முதல் ஆட்டத்துக்கே எழுந்துவிட்டாள். அப்படியானால் பொருளந்தை! பொருளந்தை நல்ல கூட்டம், கொண்டு கொடுத்த கூட்டம். மருதாத்தாளின் பாட்டன் காலத்திலிருந்து அந்தக் கூட்டத்தோடு சம்பந்தம் உண்டு. இனி யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. மருதாத்தாளுக்கு வாய் விட்டுச் சிரிக்கத் தோன்றியது.

கிருத்திகா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்தரையில் இறங்கினாள். கிழக்குப் பக்கம் நின்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் அவர்களைத் தாண்டினாள். கயிற்றின் நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணியையும் தாண்டினாள். மேற்குப் பக்கம் போய், கோபிநாத்துக்குப் பின்னால் இருந்த இடத்தில் குனிந்து கயிற்றை எடுத்தாள்.

கயிறு அசைந்ததில் கோபிநாத் திரும்பிப் பார்த்தான். அந்த ஒரு பார்வையில் அவன் முகத்தில் நடந்ததை மருதாத்தாள் தூரத்திலிருந்தே பார்த்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா? முதலில் அவளைப் பார்த்ததில் ஒரு சந்தோஷம், பிறகு அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பது உறைத்தது. கிருத்திகாவும் அவனைப் பார்த்தாள், பிறகு கையில் இருந்த கயிற்றைப் பார்த்தாள். இரண்டு பேரும் கயிற்றை விடவில்லை. கோபிநாத் முன்பக்கம் திரும்பிக் குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டான்.

பக்கத்தில் கற்பகம் எழுந்து நின்றது தெரிந்தது. அவளைத் திரும்பிப் பார்க்க மருதாத்தாளுக்குத் துணிவு வரவில்லை.

விசில் அடித்தது. இரண்டு பேரும் இழுத்தார்கள். கோபிநாத் எதையும் அப்படி இழுத்து மருதாத்தாள் பார்த்ததில்லை. கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு, யாரையோ பழி வாங்குகிற மாதிரி இழுத்தான். பின்னால் அந்தப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தாள். பொருளந்தைக்காரர்கள் புல்லில் சறுக்கிக்கொண்டே வந்து விழுந்தார்கள். சுற்றி நின்றவர்கள் கையைத் தட்டினார்கள். குப்பண்ணனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம், அவர் பாட்டுக்கு உற்சாகமாகக் கத்தினார்.

"முழுக்காதன் கூட்டம் ஜெயிச்சுருச்சுங்கோ! மாடு ஓட்டுன சோடியப் பாருங்க, அண்ணனும் தங்கச்சியும் என்னமா இழுக்கறாங்க!"

மருதாத்தாளின் மனசில் அப்போது ஒரு நினைப்பு வந்தது. வெளியே சொல்ல முடியாத நினைப்பு. கூட்டம் என்றால் என்ன, யார் பார்த்தது, ஏழு தலைமுறைக்கு முன்னால் எவன் எவனுக்குத் தகப்பன் என்று எவன் சாட்சி? சாதி மாறிக் கட்டுகிறார்கள், மதம் மாறிக் கட்டுகிறார்கள், வானம் இடிந்து விழுந்துவிட்டதா? எங்கேயாவது ஒரு ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆயுசு முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே பெண்களை விரட்டியவள், அந்த ஏற்பாட்டையே மனசாரத் திட்டினாள். திட்டி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் முகம் மகனுக்குத் தங்கையின் முகமாக மாறிவிட்டது. அவளால் அதைத் திரும்ப மாற்ற முடியவில்லை. தான் நினைத்ததை நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது.

"நானும் கேக்காம உட்டுட்டனுங்க" என்றாள் கற்பகம். "கேக்கோணும்னு வந்து உக்காந்தேன். பயமா இருந்துச்சு. கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு தோணிப்போச்சு."

"எனக்கும் அப்படித்தான் அம்மிணி."

"அப்ப நீங்க எனக்கு அக்கா முறை ஆகோணும்."

"ஆமா" என்றாள் மருதாத்தாள். இரண்டு பேரும் அந்த முறையை வைத்துக்கொண்டு வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றார்கள்.

கிளம்புகிற நேரத்தில் கிருத்திகா வந்தாள். கை இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள், கயிறு உராய்ந்து உள்ளங்கை சிவந்திருந்தது. கொஞ்சம் தள்ளி நின்ற கோபிநாத்தைப் பார்த்து, "போயிட்டு வரனுங்க அண்ணா" என்றாள். அவன் தலையை ஆட்டினான். பிறகு மருதாத்தாளிடம் திரும்பி, "வரனுங்க பெரீம்மா" என்றாள். அந்த வார்த்தையைச் சொல்ல அவள் தயங்கியதாகத் தெரியவில்லை. இந்தச் சனத்தில் பிறந்த பெண், முறை தெரிந்த பிறகு முறை தவறமாட்டாள். மருதாத்தாள் அவள் தலையில் கை வைத்து, "நல்லா இரு சாமி" என்றாள்.

கார் பாலக்காட்டுச் சித்தூரைத் தாண்டியது. சென்னியப்பன் முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் அப்பவே கேட்கச் சொன்னேன் என்று அவர் சொல்வார் என மருதாத்தாள் காத்திருந்தாள். சொல்லியிருந்தால் அவர்மேல் எரிந்து விழுந்து கொஞ்சம் ஆறியிருப்பாள். அவர் சொல்லவில்லை. இனி இவனுக்குக் கல்யாணம் ஆகாது என்று அவளுக்குத் தோன்றியது. எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேர் இதைச் சொல்லியிருக்கிறார்கள், எல்லோருடனும் சண்டைக்குப் போயிருக்கிறாள். இன்றைக்கு அவளே நினைத்தாள், எதிர்த்துப் பேச அவளுக்குள் யாரும் இல்லை.

"அம்மா" என்றான் கோபிநாத், ரோட்டைப் பார்த்தபடி.

"என்ன சாமி."

"அந்தப் புள்ளைக்கு ஒரு நல்ல எடமாப் பாக்கோணுமுங்க."

மருதாத்தாள் அவனுடைய பின்னந்தலையைப் பார்த்தாள்.

"அப்பன் இல்லாத புள்ளை. தம்பியும் தூரத்துல கெடக்கறான். அண்ணன்னு கூப்புட்டுப் போட்டா. இனி நாமதான பாக்கோணும்?"

பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவது என்றால் இந்தக் காலத்தில் ஒரு மணி நேர வேலை. அந்தப் பூங்காவிலேயே அறுபது பேர் நின்றார்கள். அதில் முழுக்காதன் கூட்டத்துப் பையன்கள் நாலைந்து பேரைக் கழித்தால் மற்ற எல்லோருக்கும் அவளைக் கட்டிக்கொள்ளும் முறை உண்டு. யாருக்குச் செவ்வாய், யாருக்கு எவ்வளவு பூமி, யார் குடிக்கிறான், யாருடைய அம்மா வாயாடி என்பதெல்லாம் மருதாத்தாளுக்கு அத்துபடி. இத்தனை வருஷமாக ஒவ்வொரு மண்டபத்திலும் அவர்களையெல்லாம் தன் மகனுக்குப் போட்டி என்று நினைத்துத்தானே நோட்டம் விட்டாள். அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் மகன் கேட்டுவிட்டான், அவள் யோசித்துப் பார்த்தாள்.

"கொழிஞ்சாம்பாறை அரிசி மில்லுக்காரங்க பையன் ஒருத்தன் இருக்கறான். நான் பொறந்த கூட்டம்தான், முறை ஆகும். செவ்வா ஜாதகம். கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாது."

கோபிநாத் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழி விட்டான்.

"அவனுக்கு மாடு கண்ணுன்னாப் புடிக்குமுங்களா?"

மருதாத்தாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "புடிக்காது சாமி. அவங்கூட்டுல பாக்கெட் பால்தான்" என்றாள்.

"அப்ப வேண்டாமுங்க" என்றான் கோபிநாத். "வேற பாருங்க."

மருதாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பையனை யோசிக்கத் தொடங்கினாள்.